குழந்தையின் மொழிச் சிக்கலைக் கண்டறிவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

“எல்லாம் புரியுதுங்க, பேச்சு மட்டும்தான் வரல.” குழந்தைகளோடு வேலை பார்க்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுவிடுவீர்கள். சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்கள். இரண்டரை வயதுப் பையன் ஒருவனின் அம்மா என்னிடம் இதைச் சொன்னார், உடனே நிரூபித்தும் காட்டினார். எழுந்து நின்று, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தபடி “கண்ணா, செருப்பு எடுத்துட்டு வா” என்றார். ஓடிப்போய் எடுத்து வந்தான். கொஞ்ச நேரம் கழித்து நான் தரையில் அவன் எதிரே உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தை மட்டும் பார்த்து “செருப்பு எங்க?” என்று கேட்டேன். என் கையைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், சிரித்தான். “பந்து எங்க?” பந்து அவன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதே சிரிப்பு.

அவன் அதுவரை படித்துக்கொண்டிருந்தது அம்மாவின் கண்ணையும் தோளில் ஏறிய பையையும்தான். சொல் அவனுக்குள் போகவே இல்லை. எல்லோரும் வாயிலிருந்து எத்தனை வார்த்தை வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்ததில், உள்ளே எவ்வளவு போகிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையில் உங்களிடம் நான் கேட்பது முக்கியமாக ஒன்றுதான்: வெளியே வருவதை எண்ணுவதற்கு முன்னால் உள்ளே போவதைப் பாருங்கள். மழலையர் வகுப்பு ஆசிரியர், சிறப்புக் கல்வி மாணவர், ஸ்பீச் தெரபி படிப்பில் முதல் வருடத்தில் இருப்பவர், சந்தேகத்தோடு தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் என்று யாராக இருந்தாலும் இந்த வரிசையில் போனால் பெரிய தவறு நடக்காது.

முதலில் மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்

பேச்சு, மொழி, தொடர்பு மூன்றும் வேறு வேறு. பேச்சு என்பது வாயில் ஒலி எப்படி வருகிறது என்பது: உச்சரிப்பு, திக்கல், குரல் எல்லாம் இதில் அடங்கும். மொழி என்பது சொல்லும் இலக்கணமும் பொருளும். அது புரிந்துகொள்வது, வெளிப்படுத்துவது என்று இரண்டு பக்கம் கொண்டது. தொடர்பு என்பது இவை இரண்டையும்விடப் பெரியது. ஒரு வார்த்தைகூடப் பேசாத குழந்தை கையைப் பிடித்து இழுத்து, சுட்டிக்காட்டி, முகத்தைப் பார்த்து நன்றாகவே தொடர்புகொள்ளலாம். நூறு வார்த்தை தெரிந்த குழந்தை யாரிடமும் எதையும் சொல்லாமலே இருக்கலாம். எழுதி வைக்கும் குறிப்பில் “பேச்சு தாமதம்” என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், மூன்றில் எது, மொழியென்றால் எந்தப் பக்கம் என்று எழுதப் பழகுங்கள். பின்னால் வரும் எல்லா முடிவும் இதில்தான் நிற்கிறது.

வயதுக்கு என்ன வந்திருக்க வேண்டும்

தேதி பார்த்து வருவதில்லை குழந்தைகளின் வளர்ச்சி, முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் சில எல்லைகள் இருக்கின்றன. 10 மாதத்துக்குள் “பபப”, “மமம” என்று அசை அசையாகக் குழறல் வந்திருக்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது 12 மாதத்துக்குள். விரலால் சுட்டுவது, டாட்டா காட்டுவது போன்ற சைகைகளும் அதே வாக்கில் வந்துவிடும். முதல் சொற்கள் ஒரு வயதை ஒட்டி வரும். 16 மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லையென்றால் பார்க்க வேண்டும். 24 மாதத்தில் 50 சொல்கூட இல்லை, அல்லது “அம்மா வா”, “தண்ணி வேணும்” போல இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்கவில்லை என்றால் பார்க்க வேண்டும். பெரியவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்வது இந்தக் கணக்கில் சேராது. 3 வயதில் வெளியாளுக்கும் பெரும்பகுதி புரிய வேண்டும், 5 வயதில் ஏறக்குறைய எல்லாமே புரிய வேண்டும்.

இதில் ஒன்றுக்கு மட்டும் வயதே கிடையாது. வந்த சொற்கள் காணாமல் போவது. எந்த வயதிலும் சரி, பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்தாலோ, பேர் சொன்னால் திரும்பிக்கொண்டிருந்தது நின்றாலோ, “கொஞ்ச நாள் பார்க்கலாம்” என்பதே கூடாது. அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். ஆட்டிசத்தில் இப்படி நடப்பதுண்டு, காது கேட்பது குறைந்தும் நடக்கலாம், அரிதாக ஒரு வகை வலிப்பு நோயிலும் 3 முதல் 7 வயதுக்குள் மொழி இப்படிக் கரைந்துபோகும்.

இரண்டு வயதில் தாமதமாகப் பேசுகிற குழந்தைகளில் பாதிக்கு மேல் தானாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவார்கள். அதனால்தான் “அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினார்” என்ற சமாதானம் பல வீடுகளில் பலித்தும் விடுகிறது. ஆனால் எது எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்று அந்த வயதில் உறுதியாகச் சொல்ல முடியாது. புரிதலும் குறைவு, சைகையும் குறைவு, குடும்பத்தில் மொழி அல்லது படிப்புச் சிக்கல் உள்ளவர்கள் உண்டு என்றால் காத்திருக்காதீர்கள். அப்பா லேட்டாகப் பேசினார் என்பது சமாதானம் இல்லை, அது ஒரு தகவல். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காது

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. பின்னால் நின்று கைதட்டினால் திரும்புகிறான், அதனால் காது நன்றாக இருக்கிறது என்று சொல்வார்கள். கைதட்டல் பெரிய சத்தம், காற்றில் அதிர்வும் வரும், நிழலும் அசையும். அது எதையும் நிரூபிக்காது. தாழ்ந்த சுருதி நன்றாகக் கேட்டு, உயர்ந்த சுருதி மட்டும் கேட்காத குழந்தைகள் உண்டு. கதவு சத்தத்துக்குத் திரும்புவார்கள், பேர் சொன்னால் திரும்புவார்கள், ஆனால் ‘ஸ’, ‘ச’ போன்ற ஒலிகள் அவர்களுக்கு எட்டவே எட்டாது. சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்த குழந்தைக்கு இந்த வாரம் கேட்கும், அடுத்த வாரம் மங்கலாகக் கேட்கும். “வேணும்னே கேக்காத மாதிரி இருக்கான்” என்று வீட்டில் சொல்லும் குழந்தைகளில் சிலர் இப்படிப்பட்டவர்கள்தான்.

பிறந்த குழந்தைகளுக்கு உலக அளவில் பின்பற்றப்படும் கணக்கு 1-3-6: ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, குறை இருந்தால் 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை. பிறந்தபோது தேறிய குழந்தைக்கும் பிற்பாடு கேட்பு குறையலாம், அதனால் பழைய தாளைக் காட்டினால் போதாது. ஒத்துழைக்காத குழந்தைக்கு பெரா டெஸ்ட் (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் மின் அசைவைப் பதிவு செய்வது) இருக்கிறது, அது தூங்கும்போதே எடுக்கலாம். மூன்று வயதுக் குழந்தை என்றால் “சத்தம் கேட்டா கட்டையைப் போடு” என்று விளையாட்டாகவே பார்த்துவிடலாம். செவித்திறன் நிபுணர் எழுதிக் கொடுத்த முடிவு கையில் இருக்க வேண்டும், வாய்வழித் தகவல் வேண்டாம்.

பெற்றோரிடம் கேட்பது

கர்ப்ப காலம், பிறப்பு எடை, மஞ்சள் காமாலை, வலிப்பு, எப்போது நடந்தான் என்ற வழக்கமான கேள்விகள் படிவத்தில் இருக்கும், கேட்டு நிரப்பிவிடுங்கள். அதைவிட முக்கியமான கேள்விகள் படிவத்தில் இருப்பதில்லை. “உங்க பிள்ளைக்கு ஏதாவது வேணும்னா எப்படித் தெரியப்படுத்துறான்?” என்று கேளுங்கள். கையைப் பிடித்து இழுத்துப் போகிறானா, சுட்டுகிறானா, அழுகிறானா, யாரையும் கேட்காமல் தானே ஏறி எடுத்துக்கொள்கிறானா? “கடைசியா எப்ப உங்ககிட்ட எதையாவது கொண்டு வந்து காட்டினான்?” என்று கேளுங்கள். “நேத்து என்ன செஞ்சான்னு காலையில இருந்து சொல்லுங்க” என்றால், “பேசுவானா?” என்ற கேள்வியில் வராத விஷயமெல்லாம் வரும். திரைக்கு முன்னால் எவ்வளவு நேரம் என்பதும் இதில் தானாகவே வந்துவிடும், குற்றம் சாட்டுகிற மாதிரி தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு வேண்டுகோள். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மா ஏற்கெனவே பத்துப் பேரிடம் “நீ பேசாம விட்டுட்டே, அதான்” என்று கேட்டுவிட்டு வந்திருப்பார். பதினோராவது ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம். அம்மா குறைவாகப் பேசியதால் குழந்தைக்கு மொழிக் குறைபாடு வந்துவிடுவதில்லை, மரபணுவுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

விளையாட விட்டுப் பாருங்கள்

முதல் பத்து நிமிடம் கேள்வியே கேட்காதீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, “இது என்ன? இது என்ன கலர்?” என்று சரமாரியாகக் கேட்பது. குழந்தை வாயை மூடிக்கொள்ளும், நீங்கள் “பேசவில்லை” என்று எழுதிவிடுவீர்கள். தரையில் உட்காருங்கள், பக்கத்தில் நீங்களும் எதையாவது வைத்து விளையாடுங்கள். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ஒன்று, இறுக்கமாக மூடிய ஒளிபுகும் டப்பா ஒன்று (உள்ளே அவனுக்குப் பிடித்த ஏதாவது), சோப்புக் குமிழி. இந்த மூன்றும் என் பையில் எப்போதும் இருக்கும். குமிழியை இரண்டு முறை ஊதிவிட்டு, மூடியை இறுக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.

அந்தப் பத்து எண்ணிக்கையில் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம். உங்கள் முகத்தைப் பார்த்து டப்பாவை நீட்டுகிறானா, முகத்தைப் பார்க்காமல் உங்கள் கையை மட்டும் ஒரு கருவி போல எடுத்து மூடியில் வைக்கிறானா, தானே கடித்துத் திறக்கப் பார்க்கிறானா? ஒரு சத்தமோ சொல்லோ வருகிறதா? பிறகு ஜன்னலுக்கு வெளியே எதையாவது பார்த்து “அட, அங்க பாரு!” என்று சுட்டுங்கள். நீங்கள் சுட்டிய திசையில் பார்த்துவிட்டு மறுபடி உங்கள் முகத்துக்குத் திரும்பினால், “நீயும் பார்த்தியா?” என்று பகிர்ந்துகொள்ளத் தெரிகிறது என்று பொருள். வேண்டுமென்று கேட்பதற்காகச் சுட்டுவது ஒன்று, வெறுமே காட்டி மகிழ்வதற்காகச் சுட்டுவது இன்னொன்று. இரண்டாவது 18 மாதமாகியும் இல்லையென்றால் ஆட்டிசத்துக்கான பரிசோதனைக்கு அனுப்புங்கள். எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, பெற்றோரே நிரப்பலாம். ஆனால் அது வடிகட்டும் சல்லடைதான். அதில் சந்தேகம் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் அர்த்தம், ஆட்டிசம் என்று அர்த்தம் இல்லை.

புரிதலைச் சோதிப்பது

செருப்பு விஷயத்துக்கு வந்துவிட்டோம். விதி எளிது, பின்பற்றுவது கஷ்டம்: கண், கை, தலை எதுவும் பொருளின் பக்கம் போகக் கூடாது. நாம் நம்மை அறியாமல் பார்த்துவிடுவோம். முதல் சில முறை உங்களையே வீடியோ எடுத்துப் பாருங்கள், எத்தனை துப்பு கொடுக்கிறோம் என்று அதிர்ந்துபோவீர்கள்.

ஐந்தாறு பொருளைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அது வந்தால் இரண்டு தகவல் சேர்த்துக் கேளுங்கள்: “பெரிய பந்தை எடு” (சின்னப் பந்தும் அங்கே இருக்க வேண்டும்). பிறகு வழக்கத்துக்கு மாறானதைக் கேளுங்கள். “பொம்மையை கட்டில்ல படுக்க வை” என்றால் எந்தக் குழந்தையும் ஊகித்துச் செய்துவிடும். “பொம்மையை கட்டிலுக்கு அடியில வை”, “சாவியைப் பொம்மைகிட்ட குடு” என்றால் ஊகம் பலிக்காது, மொழிதான் உதவும். நான்கு வயதுக்கு மேல் என்றால் “பையனைப் பொண்ணு தள்ளினா” என்பதற்குச் சரியான படத்தைக் காட்டச் சொல்லுங்கள். முதலில் வந்த சொல்தான் செய்தவர் என்று நினைக்கும் குழந்தை பையன் தள்ளும் படத்தைக் காட்டும். ‘பையனை’ என்பதன் கடைசியில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த ஒரு ‘ஐ’ உருபு அதன் காதில் பொருளாக விழவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

வகுப்பில் இந்தக் குழந்தைகள் எப்படித் தெரிவார்கள் என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டு ஒரு வினாடி தாமதமாகச் செய்வார்கள். “ஏன்?” என்று கேட்டால் “எங்கே?” என்பதற்கான பதில் வரும். நீளமாகச் சொன்னால் கடைசித் துண்டை மட்டும் செய்வார்கள். கவனமில்லாதவன், சோம்பேறி, பிடிவாதக்காரன் என்று பேர் வாங்குவார்கள். எனக்கு மனம் பொறுக்காத இடம் இது. புரியாத மொழியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஒரு ஆறு வயதுக் குழந்தையை நாம் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

பேச்சைப் பதிவு செய்து எழுதிப் பாருங்கள்

போனில் 15, 20 நிமிடம் பதிவு செய்தால் போதும். குறைந்தது 50 வாக்கியம் வேண்டும், 100 இருந்தால் நல்லது. வந்தது வந்தபடி எழுதுங்கள், திருத்தி எழுதிவிடாதீர்கள். நாற்காலியில் ஏறிப் பொம்மை எடுக்கப்போய் விழும் பையனின் படக்கதையை நான்கு வயதுக் குழந்தைகள் இரண்டு பேர் சொன்ன விதத்தைப் பாருங்கள்.

ஒருத்தி சொன்னாள்: “பையன் நாத்காலி மேல ஏதினான். பொம்மைய எதுத்தான். அப்புதம் விதுந்துத்தான், அதனால அதுதான்.”

இன்னொருத்தன்: “பையன் நாற்காலி ஏறுச்சு. பொம்மை… எடுத்துச்சு. விழுந்துச்சு.” நீ விழுந்திருக்கியா என்று கேட்டதற்கு, “நானும் விழுந்துச்சு.”

முதல் குழந்தைக்கு ற, ழ, ட எல்லாம் ‘த’ ஆகிறது (கடைசியில் வரும் ‘அதுதான்’ என்பது ‘அழுதான்’). கேட்க மழலையாக இருக்கிறது, வெளியாளுக்குப் புரியாது, ஆனால் மேல, ஐ, அதனால, ஆன் விகுதி எல்லாமே இருக்கிறது. மொழி முழுசாக இருக்கிறது, ஒலிதான் சிக்கல். இரண்டாவது குழந்தையின் ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. ஆனால் உருபுகள் இல்லை, வாக்கியங்களைச் சேர்க்கும் சொல் இல்லை, வினைமுற்று எல்லோருக்கும் ஒன்றே. முதல் குழந்தையை எல்லோரும் அழைத்து வருவார்கள், இரண்டாவது குழந்தையைப் “நல்லாத்தானே பேசுறான்” என்று விட்டுவிடுவார்கள். எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆங்கிலத்தை வைத்து எழுதிய கையேடுகள் ஒரு வாக்கியத்தில் எத்தனை சொல் என்று எண்ணச் சொல்லும். தமிழில் அது ஏமாற்றும். “வரமாட்டேன்னாங்க” என்பது ஒரே சொல், உள்ளே எத்தனை துண்டு இருக்கிறது பாருங்கள். உருபு, காலம், விகுதி என்று துண்டுகளை எண்ணுங்கள்.

ஒலிச் சிக்கலுக்குத் தனியாக ஒரு பார்வை: ர, ழ போன்றவை கடைசியில்தான் வரும், அதற்குக் கவலை வேண்டாம். “காக்கா”வைத் “தாத்தா” என்பது சின்ன வயதில் வழக்கம்தான், நான்கு வயது தாண்டியும் இருந்தால் பயிற்சி வேண்டும். ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்வது, வாயை எங்கே வைப்பது என்று தேடுவது தெரிந்தால் நிபுணரிடம் அனுப்புங்கள். வாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தால் மேலண்ணத்தில் மறைவான பிளவு இருக்கலாம். நாக்கு அடியில் ஒட்டியிருப்பதால் பேச்சு வரவில்லை என்று வெட்டிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சொல் வராததற்கும் வாக்கியம் வராததற்கும் அது காரணம் ஆகாது.

சோதனைத்தாளும் எண்களும்

தரப்படுத்தப்பட்ட சோதனைகள் பெரும்பாலும் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கும் என்ற அளவு) 15 என்று வைத்திருப்பார்கள். 85க்குக் கீழே எப்போதுமே நூற்றுக்குப் பதினாறு குழந்தைகள் இருப்பார்கள், அது அந்தக் கணக்கு அமைந்த விதம். அதனால் எண் குறைந்தது என்பதற்காக மட்டும் குறைபாடு என்று எழுதக் கூடாது. வீட்டிலும் வகுப்பிலும் நண்பர்களோடும் இதனால் என்ன தடைபடுகிறது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். வேறு மொழிக் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்திய சோதனையை மொழிபெயர்த்துப் பயன்படுத்தினால், எது சரி எது தவறு என்று குறித்துக்கொள்ளலாம், மதிப்பெண் போடக் கூடாது.

சோதனைத்தாள் இல்லாதபோது எனக்குக் கைகொடுப்பவை இரண்டு. ஒன்று, அர்த்தமில்லாத சொல்லைத் திருப்பிச் சொல்ல வைப்பது: “கிபாலு”, “தோமிகெனு”, “பெலாநுமோதி”. அசை கூடக்கூட மொழிக் குறைபாடுள்ள குழந்தை மற்றவர்களைவிடச் சீக்கிரம் தடுமாறும். இன்னொன்று, சொல்லிக்கொடுத்துப் பார்ப்பது. யாருக்கும் பேர் தெரியாத ஒரு பொருளுக்கு “மீபு” என்று பேர் வைத்து விளையாட்டில் பத்து முறை சொல்லுங்கள், கால்மணி நேரம் கழித்துக் கேளுங்கள். வாய்ப்பே கிடைக்காமல் சொல் தெரியாத குழந்தை டக்கென்று பிடித்துக்கொள்ளும். கற்பதிலேயே சிக்கல் உள்ள குழந்தைக்கு அது ஒட்டாது. இரண்டும் ஆரம்ப மதிப்பெண்ணில் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

வீட்டில் இரண்டு மொழி என்றால்

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் குறைபாடு வராது. வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லாதீர்கள். தாத்தா பாட்டியோடு பேச இருக்கும் ஒரே வழியையும் அடைத்துவிடுவீர்கள், பலனும் இருக்காது. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். உண்மையான குறைபாடு என்றால் இரண்டு மொழியிலும் தெரியும். புதிதாகக் கேட்கத் தொடங்கிய மொழியில் மட்டும் திணறினால் அது கற்றுக்கொள்ளும் காலம்.

எந்தப் பெயர் பொருந்தும்

காது நன்றாக இருக்கிறது, ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ இல்லை, மூளைக் காயம் இல்லை, ஆனால் மொழி பின்தங்கி அது நீடிக்கிறது, அன்றாடத்தைத் தடுக்கிறது என்றால் அதற்கு மொழி வளர்ச்சிக் குறைபாடு என்று பெயர். 2017ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி இந்தப் பெயரை ஒப்புக்கொண்டார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு குழந்தைகளுக்கு இருக்கிறது, அதாவது 30 பேர் வகுப்பில் இரண்டு பேர். ஆட்டிசத்தைவிடப் பரவலாக இருந்தும் இதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. காது கேளாமையோ ஆட்டிசமோ இருந்தால் அதோடு இணைந்த மொழிக் குறைபாடு என்று எழுதுவார்கள். நான்கு வயதுக்கு முன்னால் உறுதியாகப் பேர் வைக்க அவசரப்படாதீர்கள். பயிற்சியைத் தொடங்கப் பேர் தேவையில்லை.

சொல்லும் இலக்கணமும் வந்துவிட்டது, ஆனால் முறை வைத்துப் பேசுவது, ஆளுக்குத் தகுந்தபடி பேசுவது, மறைமுகமாகச் சொன்னதைப் புரிந்துகொள்வது வரவில்லை என்றால் அது சமூகத் தொடர்பில் உள்ள சிக்கல். முதலில் ஆட்டிசம் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பேர் வைக்க வேண்டும். வீட்டில் சரளமாகப் பேசிவிட்டு வகுப்பில் மட்டும் மாதக்கணக்கில் மௌனமாக இருந்தால் அது பதற்றம், மொழி அல்ல. திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கி, பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே மறையும். “நான் வந்து… நான் வந்து…” என்று சொல்லையே திருப்புவது சாதாரணம். “அ-அ-அ-அப்பா” என்று ஒலியைத் திருப்புவது, சொல் வெளியே வராமல் முகம் இறுகுவது, குடும்பத்தில் திக்கல் இருப்பது, ஆறு மாதம் தாண்டுவது என்றால் நிபுணரிடம் அனுப்பி வையுங்கள். அதுவரை வீட்டில் யாரும் “மெதுவா பேசு” என்று திருத்தாமல், முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டால் போதும்.

பெற்றோரிடம் சொல்லும்போது

குழந்தைக்கு முன்னால் சொல்லாதீர்கள். பேசாத குழந்தைக்கும் முகம் படிக்கத் தெரியும் என்று மேலே பார்த்தோம். என்ன செய்ய முடிகிறது என்று தொடங்கி, எங்கே நிற்கிறது என்று உதாரணத்தோடு காட்டுங்கள். பந்துச் சோதனையை அவர்கள் கண் முன்னாலேயே ஒரு முறை செய்து காட்டினால் அரை மணி நேர விளக்கம் மிச்சமாகும். அறிக்கையில் “டப்பாவைக் கொடுத்தபோது 10 வினாடியில் என் கையை எடுத்து மூடியில் வைத்தான், முகத்தைப் பார்க்கவில்லை” என்கிற மாதிரி கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். அடுத்து பார்ப்பவருக்கு “கண் தொடர்பு குறைவு” என்பதைவிட அது நூறு மடங்கு உதவும். வீட்டில் செய்ய ஒன்றே ஒன்று சொல்லி அனுப்புங்கள், பத்து சொன்னால் ஒன்றும் நடக்காது. நான் முதலில் சொல்வது, கேள்வியைக் குறைத்துவிட்டு, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பேரைச் சின்ன வாக்கியத்தில் சொல்லுங்கள் என்பது. மறுபடி பார்க்கும் தேதியை அன்றைக்கே குறித்துக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து என்று வைத்துக்கொண்டால், அதே பொருட்களை அதே மாதிரி பரப்பி, கையை மடியில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கேட்டுப் பாருங்கள்.